கோல மெரந்தியில் ஒதுங்கிய வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் வருசம், சீனப் பெருநாள் பிறந்த பதினாறாம் நாள் காலையில், பௌர்ணமிக் கடல் ஏறி வடிந்த பிறகு பார்த்தால், எங்கள் கோல மெரந்தியில் ஐஸ் கொட்டகைக்கு நேர் எதிரே, சேற்றுத்திட்டின் மேல் ஒரு வீடு நின்றுகொண்டிருந்தது. சிவப்புச் செங்கல் வீடு. கூரையின் இரண்டு முனைகளும் தகைவிலான் வாலைப்போல மேலே வளைந்திருந்தன, வாசலில் மூன்று கருங்கல் படிகள் இருந்தன, கதவில் ஒட்டிய காவல் தெய்வங்களின் காகிதம் வெளுத்துப்போயிருந்ததே தவிர எங்கும் கிழியவில்லை, கூரையில் ஒரு ஓடுகூட நகர்ந்திருக்கவில்லை. கொக்குகள் அதற்குள் வந்து கூரை மேட்டில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. பின்கட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"அடுப்பு எரியுது. யாரோ குடியிருக்காங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் உடைக்கிற ஆட்களுக்குக் கோப்பி கலக்கப் போய்விட்டாள்.

ஐஸ் கொட்டகை என் அப்பாவுடையது. அவர் பெயர் இயோ தியாம் ஹோக். இருபது வயதில் சீனாவின் ஃபுக்கியன் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர். என் அம்மா பூங்காவனம், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவள். அவளுடைய முதல் புருசன் பலராமனை ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போனான். போனவன் திரும்பவில்லை. நாலு வருசம் அவள் ரயில் நிலையத்தில் போய் நின்றாள், ஐந்தாவது வருசம் நிற்பதை விட்டுவிட்டு ஐஸ் கொட்டகைக்கு வேலைக்கு வந்தாள், ஆறாவது வருசம் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஏழாவது வருசம் நான் பிறந்தேன். அம்மாவுக்கு நான் செண்பகம், அப்பாவுக்கு ஆ லான். வீடு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது, தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை.

அப்பா அந்த வீட்டைப் பார்த்தார். கையிலிருந்த ஐஸ் கொக்கியைக் கீழே வைத்தார். உள்ளே போய்க் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். நான் பிறந்ததிலிருந்து காற்றுக்காகத் திறந்தே கிடந்த ஜன்னல் அது, சாத்துவதற்குத் துருப்பிடித்த கீலோடு அவர் வெகுநேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

"என்னங்க?" என்றாள் அம்மா.

"வெயில் அடிக்குது" என்றார்.

அந்த ஜன்னலுக்குக் காலை வெயில் வராது.

முதலில் போய்ப் பார்த்தவர் படகோட்டி பக் உசைர். ஓடத்தில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "ஒரு அம்மா இருக்கார், கோழி இருக்கிறது, முற்றத்தில் கிணறுகூட இருக்கிறது. வாளி விட்டு இறைத்துக் கொடுத்தார், குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர்" என்றார். எங்கள் ஊர்க் குழாயில் எப்போதும் கொஞ்சம் உப்பு கரிக்கும். ஆகவே அன்று மத்தியானமே மலாய்க்காரப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் குடத்தோடு கிளம்பிவிட்டார்கள். கடல் வடிந்த நேரத்தில் சேற்றின் மேல் பலகை போட்டு நடந்தார்கள், கடல் ஏறிய நேரத்தில் பக் உசைரின் ஓடத்தில் போனார்கள். மூன்றாம் நாள் கடல்துறையிலிருந்து பதிவு எழுதும் கிராணி ஒருவர் வந்தார். இது கலமா வீடா என்று கேட்டார், கலமென்றால் பதிவு எண் வேண்டும், வீடென்றால் கதவு எண் வேண்டும். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் கடைசியில் தன் நோட்டில் 'வந்து நிற்பது' என்று எழுதிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ஊரில் இருந்த சீனக் கிழவர்களுக்குத்தான் அந்த வீட்டைப் பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் வாலிபத்தில் அக்கரையை விட்டு வந்தவர்கள், ஒவ்வொருவரும் அக்கரையில் ஒருத்தியை விட்டுவிட்டு வந்தவர்கள், ஒவ்வொருவரும் மூட்டை சுமந்தும் ஈயம் தோண்டியும் மீன் காயவைத்தும் அனுப்பியதைக்கொண்டு அங்கே ஒரு வீடு எழும்பியிருந்தது, அந்த வீட்டுக்குள் ஒருவரும் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை. ஆகவே தூரத்திலிருந்து பார்த்த ஒவ்வொருவருக்கும் அது தன் வீடு போலவே இருந்தது. மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு பலகையின் மேல் தடுமாறிப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள், வாசலுக்கு மேல் பொறித்திருந்த குடும்பப் பெயரைப் படிப்பார்கள், தன்னுடைய பெயர் இல்லையென்று தெரிந்த பிறகும் படியில் உட்கார்ந்து அழுவார்கள். உள்ளேயிருந்த பெண்மணி யாரையும் விரட்டவில்லை. அவரவர் கிராமத்தைச் சொல்லிக் கேட்டால் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். உன் பெண்சாதி பஞ்சத்தில் போய்விட்டாள். உன் பெண்சாதி இன்னும் இருக்கிறாள், கண் தெரியாது. உன் வீட்டில் இப்போது தானியம் கொட்டிவைத்திருக்கிறார்கள். உன் கிராமம் எனக்குத் தெரியாது, மன்னித்துக்கொள். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்த வாரம் ஊரில் ஐந்து வீட்டில் ஊதுவத்திப் புகை எழுந்தது, பத்துப் பதினைந்து வருசத்துக்கு முன்னால் செத்தவர்களுக்கு அப்போதுதான் கருமாதி நடந்தது.

வாசலுக்கு மேல் பொறித்திருந்த பெயர் இயோ.

அது ஊருக்கே தெரிந்தது, அப்பாவிடம் மட்டும் யாரும் பேசவில்லை. அவர் விடியுமுன் எழுந்து ஐஸ் எடுத்துப் போட்டார், படகுக்காரர்களிடம் தலை நிமிராமல் பேசினார், கடல் பக்கம் முதுகைக் காட்டியே சாப்பிட்டார். ஒன்பதாம் நாள் அம்மா ஒரு தூக்குச் சட்டியில் சோறும் இன்னொன்றில் நெத்திலிக் குழம்பும் எடுத்துக்கொண்டு, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"வாடி. அவங்க பேசுறது எனக்கு முழுசாப் புரியாது."

"யாரும்மா அவங்க?"

"உங்க பெரியம்மா" என்றாள்.

அப்பாவுக்கு அக்கரையில் ஒரு பெண்சாதி உண்டென்பது அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். சீனாக்காரரைக் கட்டுகிற யாருக்கும் அது தெரிந்திருக்கும், கடல் குறுக்கே கிடந்ததால் யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

படியில் நின்ற பெண்மணி அம்மாவைவிடச் சின்ன உருவம். நரைத்த தலையைக் காதோடு வெட்டியிருந்தாள், நீலச் சட்டை, வெறும் கால். பெயர் போ ஊன் என்று சொன்னாள். அப்பா வீட்டில் தமிழே பேசுவார், அவருடைய ஹொக்கியன் மொழியில் அம்மாவுக்குத் தெரிந்தது மீன் சந்தையில் பொறுக்கியது, அதில் அவள் கேட்டாள்: "பசியாறியாச்சா?" பெரியம்மாவும் அதையே அம்மாவைக் கேட்டாள். இரண்டு பேரும் இல்லையென்றார்கள். அப்புறம் மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம், நெத்திலிக் குழம்பின் காரத்தில் பெரியம்மாவுக்குக் கண்ணீர் வந்தது, அதைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.

சாப்பிட்டு முடிந்ததும் வீட்டைக் காட்டினாள். உள்ளறையில் ஒரு மரப்பெட்டி நிறையச் சட்டைகள் இருந்தன. பருத்திச் சட்டை, பஞ்சு வைத்துத் தைத்த குளிர்ச் சட்டை, ஒன்றைக்கூட யாரும் போட்டதில்லை, மடிப்புக் கலையவில்லை. வருசத்துக்கு ஒன்று தைத்தேன் என்றாள். நான் அம்மாவுக்குச் சொன்னேன். நான் மனசுக்குள் அப்பாவை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு சட்டையை எடுத்துத் தோளை விரித்து, கையை முழம் போட்டு அளந்து பார்த்தாள். இருபத்தேழு வருசம் அப்பாவின் சட்டையைத் துவைத்தவள் அவள்.

"இது உங்கப்பாவுக்கு இல்லடி" என்றாள் மெதுவாக. "இவ்வளவு நீளக் கை அவருக்குக் கிடையாது. இது நெட்டையான, வயசுப் பையன் போடுற சட்டை. கேளு, யாருக்குன்னு."

கேட்டேன்.

"என் மகன் ஹுய் பெங்குக்கு" என்றாள் பெரியம்மா. "கடல்ல இறங்கி ஏழு வருசம் ஆச்சு. இங்க வந்தானா?"

அம்மா அதை என் வாயிலிருந்து கேட்டதும் சட்டையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி மடித்தாள். "மகன் இருக்குன்னு உங்கப்பா சொல்லலையே" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் கத்தவில்லை. சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்துவிட்டு, "போய்ப் பார்த்துட்டு வாங்க. அவங்க உங்களை ஒண்ணும் செய்யமாட்டாங்க" என்றாள்.

"எந்த முகத்தோட போறது பூங்கா?"

"இருக்கிற முகத்தோடதான்."

மறுநாள் கடல் வடிந்ததும் அப்பா போனார். அம்மாவும் நானும் பலகையில் பத்தடி பின்னால் போனோம். படிக்குக் கீழே சேற்றிலேயே மண்டியிட்டார். கதவு தெற்கே கடலைப் பார்த்து இருக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் கடிதத்தில் எழுதியவர் அவர்தானாம், அந்தக் கதவுக்கு முன்னால் நெற்றி சேற்றில் பட விழுந்தார்.

"எழுந்திருங்க. சேறு" என்றாள் பெரியம்மா.

"போ ஊன், நான் வந்திருக்கணும். கப்பல் நின்னுபோச்சு, சண்டை வந்துச்சு, அப்புறம் அங்க போனவங்களைத் திரும்ப விடமாட்டாங்கன்னாங்க, அப்புறம்..."

"அப்புறம் இவங்க வந்தாங்க" என்று பெரியம்மா அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அதில் கோபம் இல்லை. "நான் உங்களுக்காக வரல. நீங்க பயப்பட வேண்டாம். பத்து வருசம் உங்களுக்காக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பழக்கத்துல உட்கார்ந்திருந்தேன். உங்க பேருக்கு ஒரு புள்ளை வேணும்னு உங்க அண்ணன் ஒருத்தனைக் கொண்டுவந்து மடியில போட்டாரு, நீங்கதான் இங்கேர்ந்து பேர் வச்சு எழுதினீங்க, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் அவன் பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்காக உட்கார்ந்திருந்தேன். உங்களுக்காக இல்ல."

அப்பா நிமிரவில்லை.

"வெளிநாட்டுக்காரன் மகன்னு அவனைப் படிக்க விடல. வயல்ல நிக்கவச்சாங்க, கழுத்துல அட்டை மாட்டினாங்க, அட்டையில உங்க பேரு. அப்பாவைத் தேடிப் போறேன்னுதான் கிளம்பினான். தெற்கே நடந்து, ஹாங்காங்குக்கு நீந்திக் கரையேறினான்னு யாரோ சொன்னாங்க. உங்க கடிதத்தைத்தான் பொட்டலம் கட்டி இடுப்புல வச்சுக்கிட்டுப் போனான். அதனால இங்கதான் வந்திருப்பான்னு நினைச்சேன். கிளம்பணும்னு நினைச்சேன், வீடு கிளம்பிருச்சு."

"இங்க வரல" என்றார் அப்பா. "யாரும் வரல."

"அது தெரிஞ்சுபோச்சு. அடுத்த பௌர்ணமிக்கு நான் வேற துறைமுகம் பார்க்கணும்."

அப்பா படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அறுபது வயசுக்காரர், சட்டை முன்பக்கம் முழுக்கச் சேறு. "நானும் வர்றேன். என்னைத் தேடித்தானே போனான், நானும் சேர்ந்து தேடுறேன்" என்றார். அவர் சொன்னது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, நான் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். ரயில் நிலையத்தில் நின்ற நாலு வருசமும் அந்தப் பிடியில் இருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறந்து வேண்டாமென்று சொல்லவில்லை.

பெரியம்மா முதல் படியில் இறங்கி, அப்பாவின் நெஞ்சில் கை வைத்து, மெல்லத் தள்ளினாள். தள்ளினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, உள்ளே வந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இவங்களையும் உட்காரவச்சுட்டு வரப் போறீங்களா? ஒருத்தி உட்கார்ந்தது போதும்."

அந்த மாதம் பௌர்ணமிக் கடல் ஏறியபோது, ஊரே துறைமேடையில் நின்று பார்த்திருக்க, மத்தியானம் மூன்று மணிக்கு வீடு சேற்றைவிட்டு எழுந்தது. பெண்கள் கடைசியாக ஒரு குடம் இறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பக் உசைர் ஆற்று வாய் வரைக்கும் முன்னால் ஓடம் விட்டு ஆழமான வழியைக் காட்டினார். அம்மா ஒரு சாடி நெத்திலி ஊறுகாய் போட்டுக் கொடுத்திருந்தாள். பெரியம்மா கையை ஆட்டவில்லை, முற்றத்தில் கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். கொக்குகள் மட்டும் கூரையைவிட்டு எழாமல் கூடவே போயின.

அதற்கப்புறம் அப்பா ஏழு வருசம் இருந்தார். ஒவ்வொரு ஊரிலும் சீனர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, அந்தச் சங்கங்களுக்கெல்லாம் என்னை எழுதச் சொன்னார்: இயோ ஹுய் பெங், உயரமானவர், வயது இன்னது, தெரிந்தால் தகவல் தரவும், தேடுவது அப்பா. 'அப்பா' என்ற சொல்லைத் தன் கையாலேயே எழுதுவார், அந்த இடம் வந்ததும் என் பேனாவை வாங்கிக்கொள்வார். பதில் வரவில்லை. ஒருநாள் ஐஸ் பெட்டியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைச் சீனர் இடுகாட்டு மேட்டில் கடலைப் பார்த்தபடி புதைத்தோம், அம்மா அவர் கையில் கொஞ்சம் திருநீறும் வைத்தாள்.

அப்புறம் இன்னுமொரு ஏழு வருசம் கழித்து, தொண்ணூற்றொன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணி பஸ்ஸிலிருந்து நெட்டையாக ஒருவர் இறங்கி ஐஸ் கொட்டகைக்கு வந்து, எனக்குப் புரியாத ஏதோ மொழியில் தொடங்கி, அப்புறம் மறந்துபோன ஹொக்கியனில் தட்டுத்தடுமாறி, "இங்கே ஒரு வீடு வந்ததா?" என்று கேட்டார்.

அம்மா அவருடைய கையைப் பார்த்தாள். நீளக் கை.

"ஹுய் பெங்கா?" என்றாள்.

ஹாங்காங்குக்கு நீந்தும்போதே அப்பாவின் முகவரி தண்ணீரில் கரைந்துவிட்டது. கப்பல்களில் வேலை செய்து, எங்கெல்லாமோ சுற்றி, பெரு நாட்டில் கயாவோ என்ற துறைமுகத்தில் போய்த் தங்கியிருக்கிறார். அங்கே ஒருநாள், இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு செங்கல் வீடு கரையில் ஒதுங்கி, அதிலிருந்த கிழவி ஹுய் பெங் என்ற ஒருவனைக் கேட்டுவிட்டுப் போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீடு வந்த நாளில் அவர் தூரத்தில் ஒரு சுரங்க ஊரில் சமையல் வேலைக்குப் போயிருந்தாராம். அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்திருந்தது. ஆகவே அவர் வீடு வந்த வழியே பின்னோக்கிப் போனார். ஹவானாவில் கேட்டார், டர்பனில் கேட்டார், மொரீசியசில் கேட்டார், கொழும்பில் கேட்டார், ஒவ்வொரு துறைமுகத்திலும், ஆமாம் வந்தது, நல்ல தண்ணீர், இன்ன ஊரிலிருந்து வந்ததாகச் சொன்னாள் என்றார்கள். அப்படியே கேட்டுக்கொண்டே வந்து, அது முதல் முதலாக நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அவர் தேடிக் கிளம்பிய அந்த அப்பாவின் கல்லறைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் ஏறும்வரை அங்கே நின்றார். கடிதங்களின் நகலைக் காட்டினேன், அப்பா தன் கையால் எழுதிய ஒரு சொல்லை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

திரும்பி வந்து சொன்னார்: "நான் எதிர்த்திசையில் நடந்தே அம்மாவை விட்டுவிட்டேன். இனி நடக்கமாட்டேன். வீடு முதலில் வந்தது இங்கேதான், திரும்பினால் இங்கேதான் திரும்பும். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்."

அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. இந்தக் குடும்பத்தில் காத்திருக்க உட்கார்ந்த முதல் ஆம்பிளை நீதாம்ப்பா என்று சொல்லி, அவருக்குச் சோறு போட்டு, துறைமேடையில் நாற்காலியும் போட்டுக் கொடுத்தாள். இருபது நாள் அப்படி உட்கார்ந்திருந்தார். இருபத்தோராம் நாள் அம்மாவும் நானும் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி, அவள் மடியில் ஆறு வயசுப் பிள்ளை.

"யாரு இது?"

"என் மனைவி. என் மகள்."

"நீ கிளம்பி எத்தனை நாளாச்சு?"

"ஒன்றரை வருசம்."

அம்மா சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். வாழ்நாளில் நான் பார்த்திராத கோபம் அவள் முகத்தில் வந்தது. எழுபது வயசில், குனிந்து, அந்த நாற்காலியை அவருக்கு அடியிலிருந்தே இழுத்தாள்.

"எழுந்திரு."

"அம்மா..."

"எழுந்திருன்னேன். உங்கம்மாவுக்காக நீ உட்காருவே, உனக்காக உன் பெண்சாதி அங்க உட்காருவா, அந்தப் புள்ளை பெரிசாகி உன்னைத் தேடிக் கிளம்பும். போதும். வீடு வந்தா நான் சொல்லிக்கிறேன். எனக்கு உட்கார்ந்து பழக்கம்."

அவர் அழுதார். ஆனால் மறுநாள் பத்து மணி பஸ்ஸில் போனார். போகும்போது அம்மாவின் காலைத் தொட்டார், யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கயாவோவுக்குப் போய்ச் சேர்ந்ததும் எழுதினார். அப்புறம் வருசந்தோறும் எழுதினார், மகளின் கல்யாணப் படமும் வந்தது.

அம்மா சொன்னபடியே செய்தாள். மத்தியான வேலை முடிந்ததும் அந்த நாற்காலியில் போய் உட்காருவாள். மறந்துவிடக் கூடாதென்று, சொல்லவேண்டியதை ஹொக்கியனில் என்னிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள், அவளுடைய சந்தை நாக்குக்கு அது ஏறுவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. எட்டு வருசம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கப்புறம் நான்.

வீடு இன்னும் வரவில்லை. பெரியம்மாவுக்கு இப்போது நூறு தாண்டியிருக்கும், அந்தக் கணக்கெல்லாம் அந்த வீட்டுக்குள் எப்படியோ, எனக்குத் தெரியாது. கடல் ஏறுகிற நாளில் நான் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், அம்மா சொன்ன மாதிரியே, அவள் தப்பாக உச்சரித்த இடத்தில் தப்பாகவே:

"அக்கா, பசியாறியாச்சா? உங்க மகன் உயிரோட இருக்கார். கயாவோவில், பெண்சாதி பக்கத்துல இருக்கார். உங்களுக்கு ஒரு பேத்தியும் இருக்கா. உள்ளே வாங்க, உட்காருங்க."